மலையகத்து அரைநிழலில் லில்லி: செடி காட்டும் அறிகுறியும் செய்யவேண்டியதும்

லில்லிக் கிழங்கு வரும் பையின் பின்பக்கத்தில் ‘அரைநிழல் போதும்’ என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பித்தான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், சவுக்கு மரத்தடியில், முதல் பன்னிரண்டு கிழங்கையும் நட்டேன். ஒன்பது முளைத்தன. நான்கு மொட்டு வைத்தன. பூத்தது ஒன்று. அதுவும் கிண்ணம் போல மழைத் தண்ணீரை ஏந்திக்கொண்டு, விரிந்த மறுநாளே பழுப்பாகிப் போனது.

பையில் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் மனதில் இருந்தது நெதர்லாந்துக் கோடை. அங்கே ஜூன் மாதத்தில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீளும். அதில் பாதியை நிழல் தின்றாலும் செடிக்கு ஏழெட்டு மணி நேர வெளிச்சம் மிஞ்சும். நமக்கு வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். அதிலும் மத்தியானம் தாண்டினால் மலையேறி வரும் பனிமூட்டம் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். மலையகத்தில் பனிமூட்டமும் ஒரு மரம்தான். அதன் நிழலையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் சவுக்கின் நிழலுக்கு இடம் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

அதனால் கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், முதலில் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள்.

வெயிலை எண்ணுதல்

மழையில்லாத ஒரு நாளில், காலை ஏழு மணி தொடங்கி மணிக்கொரு தடவை பாத்தியருகே போய்ப் பாருங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்கட்டணப் பட்டியலின் பின்புறத்தில் குறித்தது இப்படி இருந்தது: 7 நிழல். 8 நிழல். 9 தண்டின் பாதி வரை வெயில். 10 முழு வெயில். 11 முழு வெயில். 12 மேகம். 1 பனிமூட்டம், எதிர் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரைத் தகரம்கூடத் தெரியவில்லை. அதற்குமேல் குறிக்கவில்லை. ‘அரைநிழல்’ என்று நான் நம்பிக்கொண்டிருந்த இடத்துக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேர வெயில்.

மதியத்துக்கு முன் நான்கு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் லில்லிக்கு வேண்டும். பின்னேர வெயிலை நம்பாதீர்கள். வந்தால் லாபம், அவ்வளவுதான். காலை வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரவுப் பனியில் நனைந்த இலையைக் காயவைப்பது. பாதி நோய் அங்கேயே நின்றுவிடும்.

வெயில் இடம் மாறுவதையும் பலர் கவனிப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஜூன், ஜூலையில் வடக்கே. இடையில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நேர் உச்சியில் நிற்கும். வீட்டுக்கு வடக்கே இருக்கும் பாத்தி ஜூனில் பளிச்சென்று இருக்கும், ஜனவரியில் சுவரின் நிழலில் கிடக்கும். வெளிநாட்டுப் புத்தகத்தில் ‘தெற்குப் பார்த்த இடம்’ என்று வாசித்துவிட்டு இங்கே இடம் தேடினால் பாதி வருடம் ஏமாற்றம்தான். எந்த மாதத்தில் பூக்க வைக்கப்போகிறீர்களோ, அதற்கு முந்திய இரண்டு மாதத்து வெயிலைப் பாருங்கள்.

அது லில்லிதானா?

சிரிக்க வேண்டாம். ‘என் லில்லி பூக்கவில்லை’ என்று காட்டுகிறவர்களில் நிறையப் பேரிடம் இருப்பது வேறு செடி. கான் (வடிகால்) ஓரத்தில் வெள்ளைப் புனல் போலப் பூப்பது ஏரம் லில்லி. அதற்கு ஈரம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. நுவரெலியாப் பக்கம் நீலப் பந்து பந்தாகப் பூப்பது அகபாந்தஸ். வெங்காயம் போன்ற பெரிய கிழங்கும் வார் போன்ற இலையும் இருந்தால் அமரில்லிஸ். நாளுக்கொரு பூவாக விரிந்து வாடுவது டே லில்லி.

உண்மையான லில்லியின் கிழங்குக்கு வெங்காயம் போல மேல்தோல் கிடையாது. தாமரை மொட்டைப் போல, தடித்த செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தண்டு ஒன்று நேராக எழும்பி, இலைகள் தண்டைச் சுற்றி வரும். இங்கே எழுதுவதெல்லாம் அதற்கு மட்டும். நமக்குப் பக்கத்தில் இயற்கையாகவே இந்த இனம் வளர்வது நீலகிரி, பழனி மலைகளில். நீலகிரி லில்லி என்றே அதற்குப் பெயர். அதுவும் சரிவில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில்தான் நிற்கும்.

நட்டு ஒன்றரை மாதம், முளையே இல்லை

உடனே தோண்டாதீர்கள். மண்ணுக்குள் வெள்ளை முளை இருந்து, தோண்டும் முள்ளுப் பட்டு முறிந்தால் அந்த வருடப் பூ போயிற்று. விரலால் பக்கவாட்டில் மண்ணை மெல்ல விலக்கித் தொட்டுப் பாருங்கள். கிழங்கு கல் போல இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது, தூங்குகிறது. அழுத்தும்போது பஞ்சு போல உள்ளே போனால் அழுகிவிட்டது.

தூங்குவதற்குக் காரணம் குளிர் போதாமை. லில்லிக் கிழங்குக்கு விழிப்பதற்கு முன் ஒரு குளிர்காலம் வேண்டும். கடையில் கிடைக்கும் கலப்பின லில்லிகளில் ஏசியாட்டிக் வகைக்கு 2 முதல் 5 பாகை செல்சியஸில் ஆறு முதல் எட்டுக் கிழமை (வாரம்), ஓரியண்டல் வகைக்கு எட்டு முதல் பத்துக் கிழமை. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்து கருகும். ஆனாலும் அது விடியலோடு விலகிவிடும் குளிர். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அதுவும் இல்லை.

ஆகவே குளிரை நாமே கொடுக்க வேண்டும். ஈரம் மட்டான தும்புத்தூளில் கிழங்கைப் புதைத்து, துளையிட்ட பொலித்தீன் பையில் போட்டு, பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வையுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டும் வராத ஈரம் போதும். உறையும் பெட்டியில் வைக்கக் கூடாது. வாழைப்பழம், ஆப்பிள் இருக்கும் தட்டிலும் வேண்டாம். பழம் கனியும்போது விடும் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். எங்கள் வீட்டில் கோவா, கரட்டுக்குக் கீழே இரண்டு மாதம் அந்தப் பை கிடந்தது. வீட்டுக்காரம்மா ஒருநாள் அதைப் பூண்டு என்று நினைத்து வெளியே எடுத்துவிட்டார். நல்லவேளை, உரிப்பதற்கு முன் கேட்டார்.

இன்னொன்று, ஆழம். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு மண் மேலே இருக்க வேண்டும், சுமார் 15 சென்ரிமீட்டர். லில்லி கிழங்குக்கு அடியில் மட்டுமில்லாமல், கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும். அந்த வேர்தான் செடிக்குத் தீனி எடுக்கும். மேலோட்டமாக நட்டால் அதற்கு இடமில்லை.

முளை வந்தது, காலையில் நுனியைக் காணோம்

ஓடில்லா நத்தை. மண்ணிலோ இலையிலோ வெள்ளி நூல் போலக் காய்ந்த கோடு தெரியும். இதில் வேதனை என்னவென்றால், ஒரு கிழங்கு ஒரு வருடத்தில் ஒரு தண்டுதான் விடும். நுனி போனால் பக்கத்தில் இன்னொன்று கிளைக்காது. மிஞ்சிய இலைகளை வைத்திருங்கள், கிழங்கு அடுத்த வருடத்துக்குப் பிழைத்துக்கொள்ளும்.

சாம்பல் வளையம் போடுவது மழையில்லாத ஊருக்குச் சரி. இங்கே ஒரு தூறலில் கரைந்துவிடும். உப்புப் போடவே வேண்டாம், மண் கெடும். இரவு எட்டு மணிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி. பழைய சாக்கை நனைத்துப் பாத்தியோரம் போட்டுவைத்தால் விடியும்போது அதன் அடியில் கூட்டமாக இருக்கும். முளை ஒரு சாண் உயரும் வரை இந்தக் காவல் தேவை. காலில் அட்டை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டு நெட்டையாக வளர்ந்து ஒரு பக்கம் சாய்கிறது

எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் வெளிச்சம். செடி விரலை நீட்டிக் காட்டுகிறது. இலைகளுக்கு இடையில் தூரம் கூடி, தண்டு மெலிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கம்பு ஊன்றிக் கட்டினால் விழாமல் நிற்கும், அவ்வளவுதான். கம்பைக் கிழங்கு நடும்போதே ஊன்றிவிடுவது நல்லது. பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடுவோம். உண்மையான மருந்து, கிழக்குப் பக்கத்தைத் திறப்பது. நான் இரண்டு வருடம் இதற்கு உரம் போட்டுப் பார்த்தேன். தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி. அதில் தழைச்சத்து அதிகம், தண்டு இன்னும் நெட்டையாக வளர்ந்து இன்னும் மெலிந்ததுதான் மிச்சம்.

எங்கள் மேட்டு லயத்தில், தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு அவர் சொன்னது: “தம்பி, மழைக்கு முன்னுக்கு மலையில நெழல் மரத்தக் கழிச்சி விடுறாங்களே, எதுக்குன்னு நெனச்ச? கொழுந்துக்கு வெளிச்சம் வேணும், எலை காயணும். ஒன் பூவுக்கு மட்டும் வேற சட்டமா?”

அவர் சொன்னது அப்படியே உண்மை. 1946இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்த பிறகு, மழைக்காலத்துக்கு முன் நிழல் மரத்தைக் கழிப்பது நோய்த் தடுப்பாகவும் ஆகிவிட்டது. பனியும் நிழலும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது தேயிலை மலையில் வேலை செய்யும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். நான்தான் அதை வீட்டு வேலிக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சவுக்கின் கிழக்குப் பக்கத்துக் கீழ்க்கிளை நான்கை வெட்டினேன். ஒன்றரை மணி நேர வெயில் கூடியது.

கீழ் இலைகள் மஞ்சளாகி மேல்நோக்கி ஏறுகிறது

பூத்து முடிந்த பிறகு இப்படி நடந்தால் அது ஓய்வுக்குப் போகிறது, விட்டுவிடுங்கள். பூப்பதற்கு முன்னால், அதுவும் மழை தொடர்ந்த ஒரு கிழமைக்குப் பிறகு நடந்தால், மண்ணுக்குக் கீழே பாருங்கள். இந்த அறிகுறிக்கு மட்டும் தோண்டச் சொல்வேன்.

நான் தோண்டியதைச் சொல்கிறேன். தண்டைப் பிடித்து இலேசாக இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கிழங்கு மண்ணிலேயே தங்கிவிட்டது. கையை விட்டு எடுத்தபோது வெளிச் செதில்கள் தொட்டதும் கழன்று விழுந்தன. திருப்பிப் பார்த்தால் வேர் கிளம்பும் அடித்தட்டு, வெள்ளையாக இருக்கவேண்டியது, கருப்பட்டி நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், பழைய உருளைக்கிழங்கு மூட்டையைத் திறந்த வாசம். தோண்டிய குழியில் இரண்டு நிமிடத்தில் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊறி நின்றது. நோய்க்குப் பெயர் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பியூசேரியம், பித்தியம் என்று நோய்க்கிருமி எதுவானாலும், அதைக் கூப்பிட்டு உட்காரவைத்தது அந்தத் தண்ணீர்தான்.

சரிவில்தானே வீடு, தண்ணீர் எப்படித் தேங்கும் என்று கேட்பீர்கள். சரிவை வெட்டி நிரவிய இடத்தில்தான் நமக்கு வீடும் தோட்டமும். வெட்டிய பக்கத்து மண் இறுகிய களி. மேட்டிலிருந்து ஊறி வரும் தண்ணீர் அங்கே வந்து நிற்கும். செய்யவேண்டியது தேயிலை மலையில் செய்வதுதான்: பாத்திக்கு மேல்பக்கம் குறுக்கே ஒரு கான் வெட்டி, தண்ணீரை ஒதுக்கி விடுங்கள். பாத்தியை ஒரு முழம் உயர்த்துங்கள். மண்ணோடு பருமணலும் மக்கிய கூட்டெருவும் கலக்குங்கள். பச்சை மாட்டெரு வேண்டாம், அது அழுகலுக்கு விருந்து.

அழுகிய கிழங்கை எறிவதற்கு முன் ஒரு நிமிடம். உட்பக்கத்தில் கறையே இல்லாத வெள்ளைச் செதில் சில இருக்கும். அவற்றை அடியோடு ஒடித்தெடுத்து, ஈரத் தும்புத்தூளோடு பையில் கட்டி, அடுப்படிப் பக்கம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமையில் ஒவ்வொரு செதிலின் அடியிலும் பயறு அளவில் குட்டிக் கிழங்குகள் வரும். அவை பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். எனக்கு ஒரு செத்த கிழங்கிலிருந்து பதினொன்று கிடைத்தது.

பழைய இடத்தில் மூன்று நான்கு வருடத்துக்கு லில்லி நட வேண்டாம்.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்து ஏறவில்லை. டொலமைட்டோ (மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் கல்தூள்) சாம்பலோ அளவுக்கு மீறிப் போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் வேர் குளிர்ந்த சேற்றில் இருக்கிறது. முன்னதை நிறுத்துங்கள், பின்னதற்கு மேலே சொன்ன கான். பழைய இலைகள் எல்லாம் ஒரே சீராக வெளிறினால் அது தழைச்சத்துக் குறைவு, கூட்டெரு போதும்.

இலையில் முட்டை வடிவப் புள்ளி, நடுவில் வெளிர்பழுப்பு, ஓரம் செம்பழுப்பு

மலையகத்து லில்லிக்கு முதல் எதிரி இதுதான்: போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சண நோய். கீழ் இலையில் நனைந்த கறை போலத் தொடங்கும். நான்கு நாள் விடாமல் பனி மூடினால் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இலையே கருகித் தண்டோடு தொங்கும். வெயில் வந்தால் நிற்கும், பனி வந்தால் மறுபடி ஏறும். இலை எத்தனை மணி நேரம் நனைந்தே இருக்கிறது என்பதுதான் இந்த நோயின் முழுக் கணக்கு.

புள்ளி விழுந்த இலைகளைக் காய்ந்த நேரத்தில், காலை பத்து மணிக்குப் பிறகு கிள்ளி எடுங்கள். ஈரத்தில் தொட்டால் நீங்களே வித்துகளைப் பரப்புவீர்கள். கிள்ளியதை எருக்குழியில் போடாமல் அடுப்பில் போடுங்கள். தண்ணீரைக் காலையில் அடியில் மட்டும் ஊற்றுங்கள். செடிக்குச் செடி ஒரு முழ இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டால் அழகு என்று நானும் நட்டேன், உள்ளே இருந்தவை மத்தியானம் வரை காயவில்லை.

மருந்து அடிக்கவேண்டுமென்றால், உருளைக்கிழங்குக்கு அடிக்கும் மேன்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி இதற்கும் உதவும். பொதியில் எழுதிய அளவு, கையுறை, முகக்கவசம். ஆனால் அது பாதுகாக்கும் மருந்து. புள்ளி விழாத இலையைக் காக்கும், விழுந்ததை ஆற்றாது. மே மாத மழை தொடங்குவதற்கு முன்னால் அடித்தால்தான் பொருள் உண்டு. மழை பெய்துகொண்டிருக்கும்போது அடிப்பது காசைக் கானில் விடுவது.

ஆகவே இதற்கு என் தீர்வு மருந்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. எங்களுக்கு வெயில் தெளிவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஏசியாட்டிக் வகை நட்டுப் பத்து முதல் பன்னிரண்டு கிழமையில் பூக்கும். டிசம்பரில் நட்டால் மார்ச்சில் பூ. ஓரியண்டலுக்கு இன்னும் ஒரு மாதமாவது கூட எடுக்கும், அதை நவம்பரிலேயே நட்டுவிட வேண்டும். மலையின் கிழக்கே, ஊவாப் பக்கம் கதை வேறு. அக்கா பண்டாரவளையில் இருக்கிறார். அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று. அவர் ஏப்ரல் மழையில் நட்டு ஜூலையில் பூப் பறிக்கிறார். எனக்கு இலை கருகும் அதே மாதத்தில் போன் எடுத்து, “டேய் தம்பி, இங்க தண்ணி ஊத்தியே கை ஓஞ்சி போச்சி” என்பார். நடுவில் ஒரு மலைத்தொடர், வேறொன்றும் இல்லை.

மேல் இலைகளின் ஓரம் பிறை போலக் கருகுகிறது, புள்ளி இல்லை

மொட்டு கண்ணில் படுவதற்குச் சற்று முன் இது வரும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். இது கல்சியம் எட்டாமல் வருவது. பனிமூட்டத்தில் இலையிலிருந்து நீர் ஆவியாகாது, தண்ணீரும் அதோடு கல்சியமும் மேலே ஏறாது. பிறகு திடீரென்று ஒருநாள் பளீர் வெயில் அடிக்கும்போது, வேகமாக வளரும் இளம் இலையின் ஓரம் முதலில் சாகும். ஸ்டார் கேஸர் போன்ற ஓரியண்டல் வகைகளில், அதிலும் பெரிய கிழங்குகளில், இது அதிகம். பெரிய கிழங்கு வாங்கினால் நல்லது என்று கூடுதல் காசு கொடுத்தவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை.

நம் மண்ணின் புளிப்பும் இதில் கூட்டாளி. தேயிலைக்கு இதமான மண்ணின் கார அமில அளவு (pH) 4.5 முதல் 5.5. ஏசியாட்டிக்குக்கு 6க்கு மேல் வேண்டும், ஓரியண்டலுக்கு 5.5 முதல் 6.5. தேயிலை பிடுங்கிய இடத்தில் நடுகிறவர்கள், நடுவதற்கு ஒரு மாதம் முன்பே சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் போட்டுக் கிளறி விடுங்கள். அதில் கல்சியம், மக்னீசியம் இரண்டும் இருக்கிறது. கருகல் வந்த பிறகு போட்டால் அந்த இலைக்குப் பயனில்லை. பனி விலகும் நாட்களில் பத்து மணி முதல் இரண்டு மணி வரை ஒரு பழைய வெள்ளைத் துணியை மேலே கட்டி வைத்தால் சேதம் குறையும். வெயில் வேண்டும் வேண்டும் என்று எழுதிவிட்டு இப்போது மறைக்கச் சொல்கிறேன், மூன்று நாள் மட்டும்தான்.

மொட்டு வைத்தது, விரல்நுனி அளவில் மஞ்சளாகி உதிர்கிறது

வெளிச்சப் பஞ்சம். செடியிடம் எல்லா மொட்டுக்கும் கொடுக்க இருப்பு இல்லை, ஆகவே கைவிடுகிறது. ஏசியாட்டிக் வகை இதில் மிகவும் கோபக்காரி. ஓரியண்டல் கொஞ்சம் பொறுக்கும். நிழலைக் குறைக்கவே முடியாத வீட்டுக்காரர்கள் ஓரியண்டலையோ வெள்ளை எக்காள லில்லியையோ எடுக்கலாம். மஞ்சள், செம்மஞ்சள் ஏசியாட்டிக்கின் மேல் ஆசைப்படாதீர்கள்.

தொட்டியில் நட்டால் இந்தச் சிக்கலுக்குக் குறுக்கு வழி கிடைக்கும். மொட்டு வரும் வரை வெயிலில் வைத்து, நிறம் காட்டத் தொடங்கியதும் இஸ்தோப்பு (வராந்தா) நிழலுக்குக் கொண்டுவாருங்கள். அங்கே பூ இன்னும் பல நாள் கூட நிற்கும்.

பூ விரிந்ததும் பழுப்புத் திட்டு

முதல் வருடம் எனக்கு நடந்தது. வானம் பார்த்து விரியும் பூ தண்ணீரை ஏந்தும், அதில் அதே போட்ரைட்டிஸ் ஏறும். பக்கம் பார்த்தோ தலைகுனிந்தோ விரியும் வகையை வாங்குங்கள். பையிலுள்ள படத்தில் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

இலையில் வெளிர் கோடுகள், முறுக்கல், செடி குட்டை

வைரஸ். மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், மனம் இரங்க வேண்டாம். பரப்புவது செடிப்பேன். பக்கத்தில் மரக்கறித் தோட்டம் இருந்தால் அங்கிருந்து சிறகோடு வரும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் பேன் குறையும்.

ஒரு தடவை, நகரத்து விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய பத்துக் கிழங்கில் ஆறு இப்படித்தான் வந்தன. திருப்பிக் கொடுக்கப் போனால், ‘உங்கள் மண் சரியில்லை’ என்றார். அதற்குப் பிறகு புதிய கிழங்கை முதல் வருடம் தனியாகத் தொட்டியில்தான் வைக்கிறேன்.

முதல் வருடம் பூத்தது, இரண்டாம் வருடம் வெறும் இலை

பூவை எப்படிப் பறித்தீர்கள் என்று கேட்பேன். ஈஸ்டருக்குத் தேவாலயப் பீடத்தில் வைக்க நீளமான தண்டு வேண்டும் என்று அடியோடு வெட்டியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த வருடப் பூவுக்குச் சமைப்பது அந்த இலைகள்தான். தண்டில் மூன்றில் இரண்டு பங்கை விட்டு வெட்டுங்கள். பூ வாடியதும் விதைக்காயை மட்டும் கிள்ளிவிட்டு, தண்டு தானாக மஞ்சளாகிக் காயும் வரை விட்டுவையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், முன்னால் ஒரு பெகோனியாவை நட்டு மறைத்துக்கொள்ளலாம். பூத்த பிறகு விறகடுப்புச் சாம்பல் ஒரு பிடி, சாம்பல் சத்துக்காக.

வெட்டும் முறை சரியென்றால் குளிர் போதவில்லை. காய்ந்த பிறகு கிழங்கை எடுத்து, மறுபடி பிரிட்ஜுக்கு. ஒவ்வொரு வருடமும் இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் வெள்ளை எக்காள லில்லியை நடுங்கள். சூடான தீவுகளிலிருந்து வந்த செடி அது, ரியூக்கியூத் தீவுகளும் தாய்வானும் அதன் ஊர். குளிரை அவ்வளவு கெஞ்சிக் கேட்காது. எங்கள் வீட்டில் ஐந்து வருடமாகத் தோண்டாமல் பூப்பது அது மட்டும்தான்.

பூனை வளர்ப்பவர்கள் எந்த லில்லியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இலை, பூ, மகரந்தத் தூள், பூச்சாடித் தண்ணீர் எதைத் தொட்டு நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். டே லில்லிக்கும் இது பொருந்தும்.

காலையில் குழி மட்டும் இருக்கிறது

கூம்பு போல நேர்த்தியாகத் தோண்டி, மண்ணை ஒரு பக்கம் தள்ளியிருந்தால் முள்ளம்பன்றி. பாத்தியையே உழுததுபோல் புரட்டியிருந்தால் காட்டுப்பன்றி. இரண்டுக்கும் இது உருளைக்கிழங்கைவிட இனிப்பு போலும். கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் கூடை மாதிரி வளைத்து, அதற்குள் கிழங்கை வைத்து, கூடையோடு புதையுங்கள். முளை வெளியே வர மேல்பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்குக் கம்பியை வெட்டிவிட மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன். போன டிசம்பரில் நட்ட ஏழும் வலைக்குள்ளேயே சுருண்டு கிடந்தன, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முழங்கால் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிர்ந்துவிட்டன.